கைக்கடிகாரமும் காலடிக் கணக்கும்

திருவரங்கத்து உத்திர வீதியில் வாழ்பவரும், பல்லாண்டு தமிழாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவருமான நண்பர் ஒருவர் எமக்குண்டு. அகவை அறுபத்தெட்டு. ஈராண்டுகளுக்கு முன்னர் அவருக்கு மாரடைப்பு நேர்ந்தது. மருத்துவமனையினின்று வீடு திரும்புங்கால், நாள்தோறும் அரைமணி நேரமேனும் நடத்தல் வேண்டுமென மருத்துவர் பணித்தனர். சிங்கப்பூரிற் பணியாற்றும் அவருடைய மகள், தந்தையின் நடையைத் தொலைவிலிருந்தே கண்டு மகிழலாமெனக் கருதித் தான் அணிந்திருந்த ஸ்மார்ட் வாட்ச் ஒன்றையும், அதனோடிணைந்த பழைய கைப்பேசியையும் அனுப்பிவைத்தாள். அன்பினால் அனுப்பிய அக்கருவியே தந்தைக்கும் மகளுக்கும் இடையே ஒரு பிணக்கை விளைக்குமென எவர்தாம் எண்ணியிருப்பர்?

நண்பர் தவறாது நடந்தார். கடிகாரமோ அவர் நடக்கவில்லையென்றது. "அப்பா, நேற்று நானூறு அடிகூட நீங்கள் நடக்கவில்லையே! மருத்துவர் சொன்னதை ஏன் கேட்கமாட்டேன் என்கிறீர்கள்?" என்று மகள் இரவுதோறும் தொலைபேசியிற் கடிந்துகொண்டாள். ஒருநாள் மாலை நண்பர் எம்மிடம் வந்து, "முப்பத்திரண்டு ஆண்டு பிள்ளைகளுக்கு வாய்மை கற்பித்தேன். இன்று என் மகள் என் சொல்லை நம்பாமல் இந்தக் கடிகாரத்தை நம்புகிறாள், ஐயா" என்றார். அவர் குரல் தழுதழுத்தது. அன்று தொட்டு இவ்வாராய்ச்சியில் இறங்கினோம். எம் மாணவர் பலர் இத்தகைய கடிகாரம் அணிகின்றனர்; கடல்கடந்து வாழும் பழைய மாணவர் பலர் தம் பெற்றோர்க்கு இதனை அனுப்புகின்றனர். ஆதலின் யாம் கண்டறிந்தவற்றை ஈண்டு எழுதுதல் பயனுடைத்தாமென நினைக்கின்றோம்.

முதலில் அறியவேண்டியது ஒன்றுண்டு. இக்கடிகாரம் நம் காலை அறியாது. அஃது அறிவதெல்லாம் கையின் அசைவே. அதனுள் முடுக்கமானி எனும் சிறு சில்லு அமைந்துள்ளது. கண்ணுக்குப் புலனாகா நுண்ணிய சிலிக்கன் எடையொன்று, சிலிக்கனாலேயே ஆகிய மெல்லிய விற்களில் அச்சில்லினுள் தொங்குகின்றது. பேருந்து திடீரெனக் கிளம்புங்கால் நிற்பவர் பின்னே சாய்வதுபோல, கை வீசப்படுங்கால் அவ்வெடை சற்றே பின்தங்கும். அப்பின்தங்கலை மின்வழி அளந்து, மேல் கீழ், முன் பின், இடம் வலம் என மூன்று திசையிலும் ஒரு நொடியிற் பன்முறை குறித்துக்கொள்கின்றது கடிகாரம். நடப்பவன் கை ஒழுங்கான தாளத்தோடு முன்னும் பின்னும் செல்வது இயல்பு. மிதமான விரைவில் நடப்போர் நிமிடத்திற்கு நூறு அடி முதல் நூற்றிருபது அடிவரை வைப்பர். இத்தாளம் கையிற் காணப்படின் 'கால் நடக்கின்றது' என்று கடிகாரம் ஊகிக்கின்றது. எனவே அது காட்டும் எண், எண்ணி அறிந்ததன்று, ஊகித்து அறிந்ததே.

இவ்வூகம் இருவகையிற் பிழைபடும். கால் நடந்தும் கை அசையாதிருப்பின் அடிகள் விடுபடும். கால் நில்லாநிற்பவும் கை தாளத்தோடு அசையின் இல்லாத அடிகள் சேரும். சத்திரம் பேருந்து நிலையத்தினின்று திருவரங்கத்துக்குக் குண்டுங்குழியுமான வழியில் இருசக்கர வண்டியிற் செல்வோர், தாம் நடவாத நடைக்குக் கூலி பெறுதலுமுண்டு. சப்பாத்திக்கு மாவு பிசையும் இல்லத்தரசியும், மிருதங்கம் வாசிப்போனும், கல்லூரி ஆண்டுவிழாவில் ஓயாது கைதட்டும் மாணவனும் அவ்வாறே. குழவியைத் தோளில் ஏந்தியவரும், மிதிவண்டியை உருட்டிச் செல்பவரும், கைப்பையை இறுகப் பற்றியவரும் நடந்த நடை கணக்கிலேறாது போகும். அன்றியும், பல கடிகாரங்கள் முதற் சில அடிகளை நம்புவதில்லை; பத்து அடியளவேனும் தொடர்ந்து கண்ட பின்னரே இது நடையென ஒப்புகின்றன. ஆகவே அடுக்களைக்கும் கூடத்துக்குமாய் நாள்முழுதும் நாலடி ஐந்தடியாக உழல்வோரது உழைப்பிற் பெரும்பகுதி ஏட்டில் ஏறாது. இஃது ஓர் அநீதியேயாம். ஆயினும் அதனை நீக்கின், சோம்பியிருந்து கையாட்டுவோன் பெருநடையனாகிவிடுவானென அமைத்தோர் அஞ்சினர் போலும்.

1865-ஆம் ஆண்டு திபேத்திற்கு மறைவாகப் புறப்பட்டு லாசா நகரத்தை எட்டிய நயின் சிங் என்பார், நூற்றெட்டு மணிக்கு மாறாக நூறு மணி கோத்த செபமாலையைக் கையிற்கொண்டு, நூறடிக்கு ஒரு மணி தள்ளித் தாம் நடந்த தொலைவை அளந்தனர். சீரான அடி வைக்க அவர் முன்னரே பயிற்றப்பட்டிருந்தார். அவருடைய மாலை காலைப் பார்த்து எண்ணியது. நம் கடிகாரமோ கையைப் பார்த்து எண்ணுகின்றது. நண்பருக்கு இச்செய்தியைக் கூறினோம். "அப்படியாயின் மாலையே மேல்" என்றார். ஒருவகையில் அவர் கூறியதே எம் ஆராய்ச்சிக்கு வழியுமாயிற்று. கருவியைச் சோதிக்கவேண்டின் நாமே எண்ணுதல் வேண்டும்.

மறுநாள் நான்கரை மணிக்கு உத்திர வீதியில் அவரோடு நடந்தோம். நண்பர் குடையின்றி வெளியே செல்லார். திருச்சிராப்பள்ளி வெயிலை அறிந்தவர் அதனைக் குறைகூறவும் மாட்டார். குடையை இடக்கையில் விரித்துப் பிடித்திருந்தார்; கடிகாரமும் இடக்கையிலேயே இருந்தது. குடைக்காம்பு நடுங்காவண்ணம் அக்கையை மார்போடணைத்து, வலக்கையை மட்டும் வீசி நடந்தார். யாம் வாய்விட்டு எண்ணிக்கொண்டே உடன்சென்றோம். ஐந்நூறு அடி ஆனதும் கடிகாரத்தைப் பார்த்தோம், நூற்றையும் எட்டவில்லை. குடையைச் சுருக்கி எம்மிடந் தந்துவிட்டுக் கைகளைத் தளரவிட்டு மீண்டும் ஐந்நூறு அடி நடந்தனர். இம்முறை எம் எண்ணுக்கும் கடிகாரத்தின் எண்ணுக்கும் வேறுபாடு மிகச் சிறிதே. நண்பர் வீதிநடுவே நின்று நகைத்தார். குற்றவாளி குடையெனத் தெளிந்தது.

கைகளைப் பின்னே கோத்து நடக்கும் முதியோர்க்கும், சட்டைப்பையிற் கையிட்டு நடக்கும் இளைஞர்க்கும் இதே நிலைதான். அவர்கள் நடையை மாற்றிக்கொள்ள இயலாதாயின், அவ்வேளை மட்டும் கடிகாரத்தைக் கால்சட்டைப் பையிலிடலாம். அல்லது கைப்பேசியை இடுப்பருகே வைத்து அதனை எண்ணச்செய்யலாம். கடிகாரத்தைக் கழற்றினால் நாடித்துடிப்பு பதிவாகாதென்பது நினைவிலிருக்கட்டும்.

ஆயினும் பிணக்கு முற்றும் தீர்ந்தபாடில்லை. அடிகள் சரியாயின, தொலைவு சரியாகவில்லை. அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். உயரம் 155 சென்டிமீட்டர் என்றும், வயது 35 என்றும் அங்கே இருந்தது! மகளுடைய கடிகாரமன்றோ? நண்பரோ 172 சென்டிமீட்டர் உயரமுள்ளவர். விண்கோளின் துணையின்றித் தொலைவைக் காணுங்கால் கடிகாரம் செய்வதெல்லாம் ஒரு பெருக்கற் கணக்கே: அடிகளின் எண்ணை ஓரடியின் நீளத்தாற் பெருக்குதல். அவ்வடியின் நீளத்தையோ நம் உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்று மிகுதியெனக் கொள்ளுகின்றது. மகளுக்கு ஓரடி 64 சென்டிமீட்டர், தந்தைக்கு 71. ஐயாயிரம் அடிக்கு மகளின் கணக்கில் 3,200 மீட்டர். தந்தையின் கணக்கில் 3,550 மீட்டர். நாளொன்றுக்கு 350 மீட்டர் நடையை இவ்வோர் எண் விழுங்கிவிட்டது. எந்தக் கையில் அணிந்துள்ளோமென்பதையும் அங்கே குறித்தல் வேண்டும். வலக்கை வழக்கமுடையவர் வலக்கையில் அணியின், உண்பதும் எழுதுவதும் நடையெனக் கருதப்படாவண்ணம் பல கடிகாரங்கள் தம் எண்ணும் முறையை மாற்றிக்கொள்கின்றன.

இன்னுமொரு வேடிக்கை. உடன்வந்த கைப்பேசி சிங்கப்பூர் நேரத்திலேயே நிலைநிறுத்தப்பட்டிருந்தது. அவ்வூர் நம்மினும் இரண்டரை மணி முந்தியது. அவர்க்கு நள்ளிரவு பன்னிரண்டாங்கால் நமக்கு ஒன்பதரையே. எனவே, இரவு உணவுக்குப்பின் நண்பர் வாசலிலே உலாவிக்கொண்டிருக்கும்பொழுதே நாள் முடிந்து எண் சுழியமாகிவிடும்! "ஒன்பதரைக்கு என் புண்ணியமெல்லாம் தீர்ந்துவிடுகிறது" என்று அவர் முன்னரே ஒருமுறை சொன்னதுண்டு. யாம்தாம் அதன் பொருளை உணர்ந்திலேம்.

விண்கோள்வழித் தொலைவு காணலைப் பற்றியும் சில கூறவேண்டும். ஜி.பி.எஸ். விண்கோள்கள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்திற் சுழல்கின்றன. அவற்றின் குறிகள் நம்மை வந்தடையுங்கால் மிக மெலிந்துபோகின்றன. கல்லையும் காங்கிரீட்டையும் ஊடுருவ மாட்டா. திருவரங்கத்தின் கற்கூரையுள்ள மண்டபங்களினூடே நடப்போர்க்கும், மலைக்கோட்டையில் பாறையைக் குடைந்து செல்லும் படிவழியில் ஏறுவோர்க்கும் வழிக்கோடு தாறுமாறாக வரையப்படுவது இதனாலேயே. உயர்ந்த சுவர்களில் மோதித் திரும்பும் குறிகள் ஒருவனை அடுத்த தெருவில் நடப்பவனாகக் காட்டுவதுமுண்டு. நடக்கத் தொடங்குமுன் வெட்டவெளியில் ஓரிரு நிமிடம் நின்று, கடிகாரம் விண்கோள்களைக் கண்டுகொண்டதென உறுதிசெய்த பின்னர்ப் புறப்படின் முதற்பகுதிப் பிழை பெரிதும் நீங்கும்.

சோதிப்பதற்குத் திருவரங்கத்து வீதிகளைப்போல் வாய்ப்பானவை வேறில்லை. சித்திரை வீதி நான்கும் கோயிலைச் சுற்றிச் செங்கோண மூலைகளோடு அமைந்துள்ளன. ஒரு மூலையிற் புறப்பட்டுச் சுற்றி அதே மூலைக்கு வந்தால், கடிகாரம் வரைந்த கோடு நான்கு நேர்ப்பக்கங்களோடு தொடங்கிய இடத்திலே முடிதல் வேண்டும். மூலைகள் மழுங்கியிருப்பின் கடிகாரம் மின்சாரத்தைச் சேமிக்கும்பொருட்டு இடையிட்டு இடையிட்டே இடங்காண்கிறதென்று கொள்க. அமைப்பில் அதனை மாற்றலாம். ஆனால் வீதியின் நீளத்தை எங்ஙனம் அறிவது? அச்சிட்ட எண்ணைக் கண்டு ஏமாறுதல் கூடாது. 156 ஏக்கர் பரப்புள்ள இத்திருக்கோயில் வளாகத்தின் வெளிச்சுற்று 4,116 மீட்டர் என்றும், அடுத்த சொல்லிலேயே 10,710 அடி என்றும் எழுதப்படுதலைக் காண்கின்றோம். 10,710 அடியை மீட்டராக்கினால் 3,264 தான் வரும்! இரண்டும் ஒருங்கே மெய்யாதல் இயலாது. ஆகலின் தொலைவைச் சோதிக்க விரும்புவோர் அண்ணா விளையாட்டரங்கம் போன்ற இடத்து 400 மீட்டர் ஓடுபாதையின் உள்வரிசையில் ஐந்து சுற்று நடந்து 2,000 மீட்டருக்குக் கடிகாரம் எவ்வளவு காட்டுகிறதெனப் பார்ப்பதே நன்று. திறந்த வெளியில் இருபது நிமிடம் இயல்பாக நடந்தால் தானே ஓரடியின் நீளத்தைத் திருத்திக்கொள்ளும் கடிகாரங்களும் உள.

உயரத்தைச் சோதிக்க மலைக்கோட்டை இருக்கிறது. நண்பரை அடிவாரத்து மாணிக்க விநாயகர் சந்நிதியருகே இருத்திவிட்டு, அவர் கடிகாரத்தை அணிந்து யாம் மட்டும் ஏறினோம். 83 மீட்டர் உயரமுள்ளது அப்பாறை. படிகள் எத்துணை என்று வினவினால் ஒருவர் 417 என்பர், மற்றொருவர் 437 என்பர். எந்தப் படியை முதற்படியெனக் கொள்வது என்பதிலேயே வழக்கிருக்கின்றது. மனிதர் எண்ணியதே இங்ஙனமாயின் கடிகாரத்தை மட்டும் நோவானேன்? நிற்க. பல கடிகாரங்களிற் காற்றழுத்தமானி உண்டு. நம் வெப்பநிலையில் ஏறத்தாழ ஒன்பது மீட்டர் உயர்ந்தால் அழுத்தம் ஒரு மில்லிபார் குறையும். உச்சிப் பிள்ளையார் கோயிலை அடையுங்கால் ஒன்பது மில்லிபார் குறைந்திருக்கும். மூன்று மீட்டரை ஒரு மாடியெனக் கொள்ளும் கடிகாரம் இருபத்தைந்துக்கு மேற்பட்ட மாடிகளைக் காட்டவேண்டும். யாம் வேண்டுமென்றே கடிகாரமணிந்த கையால் இரும்புப்பிடியைப் பற்றிக்கொண்டே ஏறினோம். மாடிகள் பெரிதும் குறைந்தே காட்டப்பட்டன. அழுத்தம் குறைவதோடு அடியும் வைக்கப்பட்டால்தான் அதனை ஏற்றமென ஒப்புமாறு கடிகாரத்தை அமைத்திருக்கின்றனர்; இல்லையேல் மின்தூக்கியிற் செல்வோனும் மலையேறியவனாவான் அல்லவா? மறுகையாற் பிடியைப் பற்றி இரண்டாமுறை ஏறியபோது கணக்கு ஏறக்குறைய நேர்பட்டது. எம் முழங்கால்கள் மட்டும் இரண்டு நாள் நேர்படவில்லை.

அழுத்தமானியின் நுண்துளை வியர்வையாலும் சோப்பு நுரையாலும் முகப்பூச்சு மாவாலும் அடைபடும். தூய நீரிற் கழுவி உலரவிடுக, ஊசியிட்டுக் குத்தற்க. நம்மைப் போன்ற வெப்பநாடுகளிற் காற்றழுத்தம் நாடோறும் முற்பகல் பத்து மணியளவில் உயர்ந்து, மாலை நான்கு மணியளவில் மூன்று மில்லிபார் அளவு தாழ்வது இயற்கை. உட்கார்ந்த இடத்திலேயே மாலையில் இருபத்தைந்து மீட்டர் உயர்ந்துவிட்டதாகக் கடிகாரம் காட்டினால் அஃது அதன் பழுதன்று.

கருவி பிழைபடின் அதனை எறிந்துவிட்டு வேறு வாங்கலே பலர் முதலில் நினைப்பது. நம் அண்டையூராகிய தஞ்சையில் 1808-ஆம் ஆண்டு நிகழ்ந்ததொன்று இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. நிலமளந்து தென்னாடு முழுதும் சென்ற லாம்டன் என்பாரது பெரிய கோணமானி, பெருவுடையார் கோயில் விமானத்தின்மேல் ஏற்றப்படுங்கால் கயிறறுந்து சுவரில் மோதி அதன் வட்டம் வளைந்துபோயிற்று. இனி இது பயன்படாதெனக் கண்டோர் கைவிட்டனர். அவரோ கூடாரத்தினுள் அமர்ந்து ஆறு கிழமை உழைத்து, வளைந்த வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்துப் பழைய வடிவுக்குக் கொணர்ந்தனர். நமக்கு அத்துணை உழைப்பு வேண்டா. கடிகாரத்தை அணைத்து மீண்டும் இயக்குதலும், அதன் மென்பொருளைப் புதுப்பித்தலும், கைப்பேசியின் மின்சேமிப்பு அமைப்பு செயலியை உறங்கச்செய்யாமற் பார்த்தலும் கால்மணி நேரத்து வேலை.

இனி எல்லாவற்றினும் கவனிக்கவேண்டிய நாடித்துடிப்பைப் பற்றிச் சொல்லுவோம். கடிகாரத்தின் அடியிற் பச்சை ஒளி மின்னுவதைக் காணலாம். குருதி பச்சை ஒளியை மிகுதியும் உட்கொள்வது. இதயம் துடிக்குந்தோறும் மணிக்கட்டிற் குருதி பெருகி, திரும்பிவரும் ஒளி குறைகின்றது. அக்குறைவை எண்ணித் துடிப்பைக் கூறுகின்றது கருவி. வார் தளர்ந்திருப்பின் வெளியொளி புகும். கடிகாரம் கையோடு குதிக்கும். அப்போது கருவி துடிப்பை விட்டுக் கைவீச்சையே துடிப்பென எண்ணத் தொடங்கும். நண்பர் நடக்குங்கால் நிமிடத்திற்கு 112 எனக் கடிகாரம் காட்டிற்று. அவர் முகம் வெளிறிற்று. யாம் அவர் மணிக்கட்டிற் கட்டைவிரற்புறத்தே எம் இரு விரல்களை வைத்து முப்பது நொடி எண்ணி இரட்டித்தோம், 84 தான். அவர் அடி வைத்த தாளமே 112. வாரை இறுக்கி, மணிக்கட்டு எலும்புக்கு இருவிரல் மேலே தள்ளி அணிந்தபின் எண் இறங்கிற்று. இதற்கு மறுதலையாகவும் நிகழலாம்: துடிப்பு மிகுந்திருக்க அதனைக் குறைத்துக் காட்டலாம். முன்னது வீணச்சம், பின்னது வீண்துணிவு. பின்னதே தீது. பச்சை குத்திய தோலும் ஒளியைத் தடுக்கும். கருந்தோலுடையார்க்குக் கருவி பிழைபடுமென்று பலர் கூறுவர். 2020-இல் வெளியான ஆய்வொன்று, தோல்நிறத்தினும் உடலசைவே பெரும்பிழை விளைக்குமெனக் கண்டது. நெஞ்சில் வலியோ, மூச்சுத் திணறலோ, மயக்கமோ தோன்றின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிராமல் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

எஞ்சியது ஒன்று. அடி சரி, தொலைவு சரி, துடிப்பும் சரி. எனினும் 'உடற்பயிற்சி நிமிடங்கள்' என்ற இடத்திற் சுழியமே நின்றது. பல கடிகாரங்கள் 220-இலிருந்து வயதைக் கழித்து, வந்த எண்ணை இதயத்தின் உச்சத் துடிப்பெனக் கொண்டு, அதிற் பாதிக்கோ பாதியினும் சற்று மேலோ துடிப்பு ஏறினால்தான் பயிற்சியென ஒப்பும். மகளின் வயது 35 எனில் உச்சம் 185, தந்தைக்கோ 152. வயதைத் திருத்தியும் நிமிடங்கள் அரிதாகவே ஏறின. பின்னர் அவருடைய மருந்துச்சீட்டைப் பார்த்தோம். அதிற் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை ஒன்றிருந்தது. இதயத்தின் துடிப்பை விரைய விடாது அடக்கிவைத்தலே அம்மருந்தின் தொழில். மருந்து தன் கடமையைச் செய்தது. கடிகாரம் அதனைச் சோம்பலென எழுதிற்று! மருத்துவரிடம் இதனைக் கூறியபோது, எக்காரணத்தாலும் மருந்தை நிறுத்தலாகாதென்றும், நடக்கும்போது பேச இயன்று பாட இயலாத அளவு மூச்சு வாங்கினால் அதுவே தக்க வேகமென்றும் சொல்லி, அவருக்கேற்ற துடிப்பு எல்லையையும் குறித்துக்கொடுத்தார். அவ்வெண்ணைக் கடிகாரத்தில் நாமே இடுவதற்கு இடமிருந்தது.

மகள் வைத்திருந்த நாளொன்றுக்குப் பதினாயிரம் அடி என்னும் இலக்கைப் பற்றியும் மருத்துவரை வினவினோம். அவர் நகைத்தார். 1965-இல் ஜப்பானிய நிறுவனமொன்று விற்ற அடிமானிக்கு 'பதினாயிரம் அடி மானி' எனப் பொருள்படும் 'மான்போ-கெய்' என்று பெயரிட்டது. அப்பெயரே உலகெங்கும் இலக்காகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வளர்ந்தோர்க்குக் கூறியது, கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்பதே. அடிக்கணக்கை அது விதிக்கவில்லை.

அன்றிரவு நண்பர் மகளைத் தொலைபேசியில் அழைத்துக் குடைமுதல் மாத்திரைவரை எல்லாவற்றையும் ஆசிரியர்க்குரிய முறையில் ஒவ்வொன்றாக விளக்கினார். மறுமுனையிற் சிறிதுநேரம் பேச்சில்லை. பின்னர், "அப்பா, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றாள் மகள். "நீ அனுப்பியதால்தானே அம்மா இவ்வளவும் கற்றேன்" என்றார் அவர்.

இப்பொழுது சிறு குறிப்பேடு ஒன்று வைத்திருக்கின்றார். ஞாயிறுதோறும் உத்திர வீதியில் ஐந்நூறு அடி எண்ணி, விரலால் நாடிபார்த்து, கடிகாரத்தின் எண்ணையும் தம் எண்ணையும் அருகருகே எழுதி, அப்பக்கத்தைப் படமெடுத்துச் சிங்கப்பூருக்கு அனுப்புகின்றார். குடை வலக்கைக்கு மாறிவிட்டது.